கையேட்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கவிஞர் பாரதி ஒரு கட்டுரையில் 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடித் திண்டாடியிருக்கிறார். அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். 'உறுப்பாளி' வரைக்கும் போனார். எதுவும் மனசுக்குப் பிடிக்காமல், வாசகரிடம் அலுத்துக்கொண்டு 'மெம்பர்' என்றே எழுதிவிட்டார்.

மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. 'ஃபோல்டர்' என்பது அடைவா, கோப்புறையா? ஒருவரே எழுதினால் அவர் இஷ்டம். பத்துப் பேர் சேர்ந்து எழுதும்போது முதல் அத்தியாயத்தில் அடைவு, நாலாவதில் கோப்புறை. படிக்கிறவர் இரண்டையும் வேறு வேறு என்று எண்ணித் திரையில் தேடிக்கொண்டிருப்பார். சொற்பட்டியல் ஒன்றை முதலிலேயே வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி, பட்டியலைப் பற்றியே நடக்கும்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே காரியத்தை நடத்திக் காட்டியது 'கணியம்'. கட்டற்ற மென்பொருள்களுக்கான இந்தத் தமிழ் மின்னிதழை 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கினார். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பற்றி து. நித்யாவும், மற்றவை பற்றி வேறு பலரும் எழுதிய தொடர்கள் பின்னர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாயின. காசு கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்: எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், திருத்தியதை அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் திருத்தலாம் என்ற அனுமதி வேறு, திருத்துவதற்குத் தோதாகக் கையில் கிடைப்பது வேறு. மென்பொருள் கையேடு மற்றப் புத்தகம் போல அல்ல. அச்சான மறுமாதமே பழசாகிவிடும். புதிய பதிப்பில் பொத்தான் இடம் மாறும், மெனு பெயர் மாறும், திரைப்பிடிப்புகள் எல்லாம் பொய்யாகும். அந்நேரம் வாசகர் கையில் பிடிஎப் மட்டும் இருந்தால் பிழையைப் பார்க்கலாம், தொட முடியாது. போதாக்குறைக்கு, பல தமிழ் பிடிஎப்களில் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறி உதிரும். மூலக்கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால்தான் 'சேர்ந்து எழுதுவது' என்ற பேச்சுக்கே அர்த்தம்.

பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். அவர்களுடைய ஆவணங்களுக்காகவே 2008இல் கியோர்க் பிராண்டல் 'ஸ்பிங்க்ஸ்' என்ற கருவியைச் செய்தார். எழுதுவது சாதாரண எழுத்துக்கோப்பில். அதிலிருந்தே வலைப்பக்கம், பிடிஎப், இபப் மின்னூல் எல்லாம் வரும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் எல்லா வடிவமும் சேர்ந்து திருந்தும். நிரலும் ஆவணமும் ஒரே களஞ்சியத்தில் இருப்பதால், நிரலை மாற்றுகிறவரிடம் 'விளக்கத்தை மாற்றினாயா?' என்று கேட்க ஆள் இருக்கிறது. பக்கத்தின் அடியில் பிழை சொல்வதற்கு ஓர் இணைப்பும் உண்டு. நூறு பக்கம் எழுதித் தருகிறவரைவிட, 'மூன்றாம் வரி தப்பு' என்று சொல்கிறவர்தான் கையேட்டை உயிரோடு வைத்திருக்கிறார். நம்மூரில் அவருக்கு நன்றிப் பக்கத்தில்கூட இடம் கிடைப்பது அபூர்வம்.

உரிமத்திலும் வம்பு வரும். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டம் 2000இல் கையேடுகளுக்கென்றே ஓர் உரிமம் வெளியிட்டது. சில பகுதிகளை யாரும் மாற்றக்கூடாது என்று ஆசிரியர் பூட்டிவைக்க அதில் வழி இருந்தது. அப்படிப் பூட்டு போட்ட கையேடு கட்டற்றது ஆகாது என்று 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழு வாக்கெடுத்தே முடிவுசெய்தது.

சொற்கள் மட்டும் வாக்கெடுப்புக்குக் காத்திருப்பதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் 'எடிட்' பொத்தானுக்கு 'தொகு' என்று பெயர். அதை அழுத்துகிறவர் யாரும் இப்போது அகராதி பார்ப்பதில்லை. 'உறுப்பாளி'யோடு நின்றுபோன பாரதியின் தேடலும் எழுதி எழுதியே 'உறுப்பினர்' ஆகிவிட்டது.