சுவரும் நிறமும் – 6: சாய உப்பு ஏறிய சுவர்

போன வாரம் பாசி பிடித்த சுவரைப் பார்த்தோம். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலும் நல்ல தேய்ப்பும் போதும். திருப்பூர் வட்டாரத்தில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளையாகப் பூத்து, தீபாவளிக்கு அடித்த பெயிண்டைப் பொங்கலுக்குள் பொரிய வைக்கும் உப்புதான் அது. காம்பவுண்டு சுவர், பனியன் கம்பெனிச் சுவர், லைன் வீட்டுச் சுவர் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. பெயிண்ட் உரிந்தால் பெயிண்டரைத் திட்டுகிறோம், அடுத்த முறை விலை கூடிய டப்பா வாங்குகிறோம். சுவருக்குள் இருப்பதை யாரும் எடுப்பதில்லை.

செங்கல், மணல், சிமெண்ட் என எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு. ஆனால் நொய்யல் கரையோரத்தில் தண்ணீரிலேயே உப்பு வந்து சேர்ந்தது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் சாதா உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்ட வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போகும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியேறிவிடும். பல ஆண்டுகள் அது நொய்யலில்தான் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்துப் போராடினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே ஆலைகள் மறுபடி ஓடின. இன்று உப்பைப் பிரித்தெடுத்து மீண்டும் தொட்டியிலேயே போடுகிறார்கள். அது பெரிய மாற்றம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்கு முன் நிலத்தில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சல்பேட் 400ஐத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஆற்றோரப் போர்வெல் தண்ணீர் பலவற்றில் கரைந்த உப்பு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். அதில் கலவை போட்டு, அதையே ஊற்றி நனைத்த சுவர் இன்றைக்கு நம்மிடம் கணக்குக் கேட்கிறது.

இந்த உப்புகளில் சோடியம் சல்பேட்தான் மோசம். சுமார் 32 டிகிரி வெப்பத்துக்குக் கீழே, ஈரமும் இருந்தால், அது தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பழைய அளவைப்போல் நாலு மடங்காக வீங்கும். வெயிலில் காய்ந்தால் சுருங்கிப் பொடியாகும். திருப்பூரில் பகல் அந்த 32ஐத் தாண்டும், இரவு கீழே இறங்கும். பூச்சுக்குள் இருக்கும் ஒவ்வொரு நுண்துளையிலும் இந்த வீக்கமும் சுருக்கமும் நடந்தால் பெயிண்ட் என்ன, பூச்சே பெயர்ந்துவிடும். ஜல்லி எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கப் பொறியாளர்கள் இதே உப்புக் கரைசலில்தான் அதை ஊற வைத்து, காய வைத்து, மறுபடி ஊற வைக்கிறார்கள்.

உங்கள் சுவரில் பூத்திருப்பது எது என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். சுரண்டிய பொடியை நல்ல தண்ணீரில் போடுங்கள். பஞ்சுபோல் உதிர்ந்து வந்தது கரைந்து மறைந்தால் அது சோடிய உப்பு வகை. கெட்டியாக ஒட்டிக்கொண்டு, கரையாமல் அடியில் தங்கினால் சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்புப் படிவு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எல்லாச் சுவருக்கும் ஆசிட் அடிக்கிறார்கள். ஆசிட் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். சோடிய உப்பு வெறும் தண்ணீரிலேயே கரையக்கூடியது, அதற்கு ஆசிட் எதற்கு? அடித்தால் சுவருக்குள் குளோரைடு கூடும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். சுண்ணாம்புப் படிவுக்கு அடிக்கும்போதும் நன்றாக நீர்த்து, சுவரை முதலில் நனைத்து, பிறகு கழுவிவிட வேண்டும். பாசிக்குக் கலக்கிய பிளீச்சிங் கரைசலோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். உயிருக்கே ஆபத்து.

சோடிய உப்பு பூத்த சுவரை எடுத்ததும் கழுவுவது அடுத்த தவறு. அனுபவப்பட்ட பெயிண்டர் என்றால் வீட்டம்மா ஹோஸை எடுக்கும்போதே தடுத்துவிடுவார். "தண்ணி விடாதீங்கக்கா, முதல்ல காயவே தட்டி எடுத்துறலாமுங்க." அவர் சொல்வதே சரி. தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து உள்ளே திரும்பிப் போகும், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். கெட்டியான பிரஷால் மேலிருந்து கீழே தேய்த்து, கீழே விரித்த சாக்கில் பொடியைப் பிடித்து, சுவரடியில் கொட்டாமல் தூரப் போட வேண்டும். முகத்தில் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. மிச்சத் தூசியைத் துடைக்க ஊருக்கே சொந்தமான பொருள் இருக்கிறது: கட்டிங் டேபிளில் மிஞ்சும் பனியன் வேஸ்ட். அதற்கு ஈடான துடைப்புத் துணி கிடையாது.

பிறகு பிரஷ் கட்டையால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டியதுதான். அதன் மேல் பட்டி பார்த்து மூடினால் அடுத்த வருஷமும் அதே இடம் உப்பும். ஒரு வாரம் விட்டால் உப்பு மறுபடி பூக்கும். பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது வெளியே வருகிறது. மறுபடி காயவே தேயுங்கள். பூப்பது குறையும்வரை இதையே செய்யுங்கள். பிடிவாதமான இடத்தில் ஊற வைத்த காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு உரித்தால் உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். அதற்கும், புதிய பூச்சுக்கும் குழாயில் வரும் நல்ல தண்ணீர்தான் வேண்டும், போர் தண்ணீர் கூடாது.

இவ்வளவும் செய்தாலும், அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் பலனில்லை. சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி, கசியும் பைப், சுவர் பக்கம் சாய்ந்த சிமெண்ட் தளம் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு வெளிப்பக்கம் தடித்த வாட்டர்புரூஃப் பூச்சு அடிப்பது உப்பையும் ஈரத்தையும் உள்ளே பூட்டி வைப்பதாகும். கடைசியில் பூச்சு தகடு தகடாக வரும். உப்பேறிய சுவருக்கு, ஈரம் வெளியேற வழிவிடும் சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் பெயிண்டே என் சிபாரிசு. பார்வைக்குப் பளபளப்பு குறைவுதான்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். போனஸ் வந்த கையோடு தீபாவளிக்கு அடிக்க எல்லோருக்கும் ஆசை. அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையில் சுவர் நனைந்திருக்கும். தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ இன்னும் ஒரு வாரம் காயவிட்டு மறுபடி ஒட்டிப் பாருங்கள். தாள் உலர்ந்திருந்தால் ப்ரைமருக்குப் போகலாம். எந்தச் சுவருக்கு எந்த ப்ரைமர் என்பது அடுத்த வாரம்.