திரை ஒளிர்ந்தால் போதுமா?

மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் முதன்முறையாக நுழைபவர்கள் அங்கு நிலவும் அமைதியைக் கண்டு வியப்பார்கள். எஞ்சின்கள் வேறொரு கட்டடத்தில் முழங்கிக்கொண்டிருக்கும். இங்கோ, இரண்டு மூன்று கணிப்பொறித் திரைகளின் முன் ஓரிருவர் அமர்ந்திருப்பர். ஆபரேட்டர் என்று அவர்களை அழைப்போம். எண்ணெயின் அழுத்தம், நீரின் வெப்பம், மின்சாரத்தின் அளவு ஆகிய யாவும் எண்களாக அவர்கள் கண்முன் வந்து நிற்கும். ஆபரேட்டருக்கு அந்தத் திரையே கண், விசைப்பலகையே கை. இந்தக் கண்ணையும் கையையும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றும்போது எழும் கோளாறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இத்தகைய பணிகளில் சில ஆண்டுகள் ஈடுபட்டவன் என்ற முறையில், பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவை மனத்தில் கொள்வோம். 2018 டிசம்பர் 30 அன்று அதற்குச் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அந்தமான் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்திற்கும் இடையே மின்கம்பித் தொடர்பு இல்லை. தீவுகள் அனைத்தையும் பிணைக்கும் ஒரே மின்வலையும் இல்லை. டீசல் எஞ்சின்களையே பெரிதும் நம்பி வாழும் தீவுகள் அவை. சென்னையில் ஒரு நிலையம் நின்றால் நெய்வேலியோ மேட்டூரோ கைகொடுக்கும். தீவில் அவ்வாறு கைகொடுக்க அண்டை வீட்டார் இல்லை. மாலை நேரத்தில் ஓர் எஞ்சின் திடீரென்று நின்றால், அதன் சுமை மற்ற எஞ்சின்கள் மீது விழும். அவை தாங்காவிட்டால் ஊரே இருளும். மாற்று உறுப்பு கப்பலில்தான் வரவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறையைப் புதிய கட்டடத்திற்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

எஞ்சினில் பொருத்திய உணர்கருவி அழுத்தத்தை அளக்கிறது. அந்த அளவு பி.எல்.சி. எனப்படும் கட்டுப்படுத்தும் கருவிக்குச் செல்கிறது. அங்கிருந்து ஸ்விட்ச் வழியாக சர்வர் கணிப்பொறிக்கும், அதிலிருந்து ஆபரேட்டரின் திரைக்கும் வருகிறது. ஆபரேட்டரின் ஆணை இதே வழியில் திரும்பிப் போகிறது. அறை மாறும்போது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகள்தாம் அவிழ்த்துக் கட்டப்படுகின்றன. ஆகவே கோளாறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனினும் எங்கே அறுந்தது என்று ஊகிக்கக்கூடாது. ஒரு முனையிலிருந்து கண்ணி கண்ணியாகப் பார்த்து வரவேண்டும்.

வெளிப்படையான கோளாறுகளை முதலில் காண்போம். செம்புக் கம்பியாலான ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. புதிய அறை தொலைவில் இருந்தால் எல்லை தாண்டிவிடும். விளக்கு எரியும், செய்தி மட்டும் விட்டு விட்டு வரும். அங்கே ஒளியிழைக் கேபிள் போடுவதே முறை. அடுத்தது முகவரி. வீடு மாறியவருக்குப் பழைய முகவரிக்கே கடிதம் போவதைப் போல, கணிப்பொறி பழைய ஐ.பி. முகவரியுடன் புதிய வலைக்குள் வந்தால் சர்வரைக் காணாமல் தவிக்கும். ஒரே முகவரி இரண்டு பொறிகளுக்கு இருந்தால் இரண்டும் மாறி மாறித் தடுமாறும். தீவுகளில் உப்புக்காற்றும் ஒரு பகை. பல ஆண்டுகள் அசையாமல் இருந்த இணைப்பியைக் கழற்றி மாட்டினால், களிம்பேறிய முனை சரியாகத் தொடாமல் போகலாம். இவை யாவும் தொல்லை தருபவையே. ஆனால் திரை இருண்டோ தடுமாறியோ தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இவற்றுக்கு நான் அதிகம் அஞ்சுவதில்லை.

நான் அஞ்சுவது ஒளிரும் திரைக்குத்தான். தொடர்பு அறுந்த பின்பும் சில திரைகள் கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் அழுத்தம் சரிந்துகொண்டிருக்க, திரையில் பழைய நலச்செய்தி நிற்கும். உரிமச் சாவி பழைய அறையிலேயே தங்கிவிட்டால், சில மென்பொருள்கள் ஓரிரு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு நின்றுபோகும். இரட்டை வலை உள்ள இடத்தில் ஒரு கேபிள் தவறான துளையில் செருகப்பட்டிருந்தாலும் அன்றாட வேலை நடக்கும். ஒரு வலை பழுதாகும் நாளில்தான் மற்றது உதவாது எனத் தெரியும். அலாரம் திரையில் சிவப்பாக மின்னும். ஒலிபெருக்கியோ பூட்டிய பழைய அறையில் கத்திக்கொண்டிருக்கும். இடம் மாறிய கணிப்பொறிக்குப் பார்க்கும் உரிமை இருந்து, ஆணையிடும் உரிமை இல்லாமலும் போகலாம்.

பிழையான திரை எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடியது போலக் காட்டியது. மூடுமாறு ஆணை போனதை மட்டுமே அவ்விளக்கு அறிந்திருந்தது; வால்வின் உண்மை நிலையை அறியவில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோ மாநிலத்து மின் நிறுவனம் ஒன்றில், பகல் 2 மணி 14 நிமிடத்திற்குப் பின் அலாரம் மென்பொருள் வேலை செய்யவில்லை. அலாரம் வராததால் நலம் என்றே ஆபரேட்டர்கள் இருந்தனர். மின்பாதைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. இரண்டு மணி நேரத்திற்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். இவ்விரண்டும் அறை மாற்றத்தால் வந்தவை அல்ல. ஆனால் இரண்டும் ஒன்றையே கற்பிக்கின்றன: ஆணை வேறு, நிகழ்ச்சி வேறு, அமைதி வேறு, நலம் வேறு.

ஆகவே நான் கையாளும் முறை இது. எல்லாப் பொறிகளையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. ஒன்றேனும் பழைய அறையில் உயிரோடு இருக்கும். புதியது தேர்ச்சி பெற்ற பிறகே அதைக் கழற்றுவேன். கழற்றும் முன் ஒவ்வொரு கேபிளுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுவேன். திரையின் மூலையில், பி.எல்.சி. நொடிக்கொருமுறை மாற்றும் ஓர் எண்ணைக் காட்டச் செய்வேன். அவ்வெண் நின்றால் நாடி நின்றது என்று பொருள். பிறகு எஞ்சின் அருகே ஒரு ஃபிட்டரைத் தொலைபேசியுடன் நிறுத்துவேன்.

“அண்ணே, அளவியில் எண்ணெய் அழுத்தம் எவ்வளவு?” என்பேன்.

“நாலரை இருக்குது தம்பி” என்பார்.

திரையிலும் நாலரை இருக்கவேண்டும். அடுத்து, அவர் சோதனைக்காக ஓர் அலாரத்தை எழுப்புவார். அது புதிய அறையில் காதுக்குக் கேட்கவேண்டும். பதிவான நேரம் கடிகாரத்தோடு ஒத்திருக்கவேண்டும். இருப்பு நிலையில் உள்ள பம்ப் ஒன்றை இங்கிருந்து ஓடவிடுவேன். அது உண்மையில் சுழல்கிறது என்று அவர் கண்ணால் கண்டு சொல்லவேண்டும். இறுதியாக, நிலையப் பொறுப்பாளரின் இசைவுடன் ஒரு வலையைப் பிடுங்கிப் பார்ப்பேன். அதை மாட்டிவிட்டு மற்றதைப் பிடுங்குவேன். புதிய அறைக்கு வரும் மின்சாரத்தையும் நிறுத்தி, யு.பி.எஸ். தாங்குகிறதா என்று பார்ப்பேன்.

இவ்வளவும் செய்ய நேரம் ஏது என்று மேலதிகாரிகள் கடிந்துகொள்வதுண்டு. படங்கள் தெரிகின்றனவே, வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்பதும் உண்டு. மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் அந்த இடத்தில் நிற்பீர்கள். அப்போது, திரை ஒளிர்கிறதா என்று கேளாதீர்கள். எஞ்சினில் நடப்பது திரைக்கு வருகிறதா, திரையில் இட்ட ஆணை எஞ்சினுக்குப் போகிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் வரை கையெழுத்திடாதீர்கள். கடல் நடுவே ஒரு தீவின் மருத்துவமனை விளக்கும், மீன் கெடாமல் காக்கும் பனிக்கட்டியும், பிள்ளைகளின் படிப்பு மேசையும் அக்கையெழுத்தை நம்பி இருக்கின்றன.