பன்னிரண்டடிச் சிறுமியின் 8,000 கிலோமீட்டர் நடை

போர், வன்முறை, அடக்குமுறை காரணமாக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 2024 இறுதியில் உலகெங்கும் 12.32 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையை விடப் பெரிய எண். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். எண்ணுக்கு முகம் கிடையாதே!

முகத்தைக் காட்டினாலும் நிலைப்பதில்லை. 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியக் குழந்தை அலன் குர்தியின் படம் உலகையே உலுக்கியது. சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதிக்கு அந்த வாரம் நன்கொடை பல மடங்கு குவிந்தது. சில வாரங்களிலேயே வடிந்தும் விட்டது. அழவைப்பது எளிது, அழுதவர் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் கலைஞர்கள் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். 2021 ஜூலை 27 அன்று, சிரிய எல்லைக்கு அருகிலுள்ள துருக்கியின் காசியான்டெப் நகரிலிருந்து ஒரு சிறுமி நடக்கத் தொடங்கினாள். பெயர் அமல். சோறு தேடிப் போன அம்மா திரும்பவில்லை, அவளைத் தேடித்தான் இந்த நடை. வயது ஒன்பதுதான். உயரமோ பன்னிரண்டடி. ஏனென்றால் அவள் ஒரு பொம்மை. செய்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவினர். நடத்தியவர்கள் பிரிட்டனின் குட் சான்ஸ் நாடகக் குழுவினர். கலை இயக்குநர் பாலஸ்தீன நாடகாசிரியர் அமீர் நிஸார் சுவாபி.

அருகில் போய்ப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். பொம்மைக்குள் ஒருவர் பொய்க்கால் கட்டி நடப்பார். அமலின் தலையையும் கண்களையும் உள்ளிருந்தபடி கயிறுகளை இழுத்து அசைப்பவரும் அவரே. இரண்டு கைகளுக்கும் வெளியே ஆளுக்கொருவர். பலத்த காற்றில் பின்னாலிருந்து தாங்க இன்னொருவர். ஆட்டக்காரர்களில் அகதிகளாக வந்தவர்களும் இருந்தார்கள். இத்தனை பேரும் கண்ணெதிரே தெரிந்தாலும், அமல் குனிந்து கையை நீட்டும்போது குழந்தைகள் பார்ப்பது அவளை மட்டும்தான்.

ஆனால் பொம்மையை விடப் பெரிய யோசனை ஒன்று இதில் இருக்கிறது. அமல் வரும் ஊர்க்காரர்களிடம் "பாவம் பாருங்கள்" என்று யாரும் கேட்கவில்லை, "ஒரு விருந்தாளி வருகிறாள், எப்படி வரவேற்கப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். பதிலை அந்தந்த ஊர்தான் தயாரிக்க வேண்டும். பள்ளிக்கூடங்களும் உள்ளூர்க் கலைஞர்களும் பாட்டு, விளக்கு, ஊர்வலம் என்று இறங்கினார்கள். வத்திக்கானில் போப் பிரான்சிஸையும் அவள் சந்தித்தாள். எல்லா ஊரும் ஆரத்தி எடுக்கவில்லை. கிரீஸின் லாரிசாவில் கல் விழுந்தது. மெட்டியோரா மடாலயங்கள் உள்ள பகுதிக்கு வரக்கூடாது என்று உள்ளூர் மன்றமே தீர்மானம் போட்டது. உண்மையான அகதிக்கு நடப்பதுதானே பொம்மைக்கும் நடந்தது? நவம்பர் 3 அன்று மான்செஸ்டரை அடைந்தபோது கடந்த தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர்.

புதுமை என்று கிளம்பி வழுக்கி விழுந்தவையும் உண்டு. 2016 பிப்ரவரியில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், கிரேக்கத் தீவான லெஸ்போஸில் அகதிகள் விட்டுப்போன சுமார் 14,000 உயிர்காப்பு உடைகளை பெர்லின் இசையரங்கின் தூண்களில் கட்டினார். வழியே போனவர்கள் நின்று பார்த்தார்கள், சரி. அதையொட்டி நடந்த விருந்திலோ, கடலில் நனைந்து வருபவர்களுக்குப் போர்த்தும் பளபளப்பான வெப்பப் போர்வையைத் திரை நட்சத்திரங்கள் சுற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். கண்டனம் வந்தது, வரவேண்டியதுதான்.

அதே பெர்லினில், சத்தமில்லாமல் 2015 டிசம்பரில் தொடங்கிய 'முல்தகா' என்ற திட்டம்தான் என் பார்வையில் இவற்றில் எல்லாம் சிறந்தது. சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த அகதிகளுக்குப் பயிற்சி கொடுத்து, அருங்காட்சியக வழிகாட்டிகளாக்கினார்கள். பெர்கமோன் அருங்காட்சியகத்தில், அலெப்போ நகரத்து வணிகர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த, 1600களின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட வண்ண மரச்சுவர்கள் இருக்கின்றன. பாபிலோனின் இஷ்தார் வாயிலும் அங்கேதான். அவற்றின் முன்னால் நின்று விளக்கியவர் அந்த மண்ணிலிருந்தே வந்தவர் என்றால், யார் யாருக்குக் கற்றுத்தந்தார்கள்? அங்கே அகதி கைநீட்டி நிற்பவர் அல்லர், விஷயம் தெரிந்தவர். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகங்களும் பிறகு இதைப் பின்பற்றின. ஒலிம்பிக் அகதிகள் அணியும் இதே வழிதான்: 2016 ரியோவில் 10 பேருடன் தொடங்கி, 2024 பாரிஸில் 37 பேராக வளர்ந்தது. அங்கே குத்துச்சண்டையில் சிண்டி இங்காம்பா வாங்கிய வெண்கலம் அந்த அணியின் முதல் பதக்கம். கேமரூனில் பிறந்தவர் அவர்.

நமக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2021இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி, மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 இலங்கைத் தமிழர்கள் வாழ்ந்தார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். அந்த ஆண்டு முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. பக்கத்து ஊர்க்காரர்களில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பேசியிருப்பார்கள்?

ஜூன் 20 உலக அகதிகள் தினம். பள்ளிகளும் நூலகங்களும் அன்றைக்கு ஓவியப் போட்டி, கோலப் போட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பக்கத்து முகாமில் விருப்பமுள்ளவர்களை மேடைக்கு அழையுங்கள். அவர்கள் எதைப் பற்றிப் பேசுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.