மொய் விருந்தும் ஓட்டுக் கணக்கும்

பேராவூரணிப் பக்கம் ஒரு மொய் விருந்து. கறிக்குழம்பில் உப்பு தூக்கல். பந்தியில் உட்கார்ந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. கை கழுவியதும் எல்லாரும் நேரே மொய் எழுதுகிற மேசைக்குத்தான் போனார்கள். போன தடவை எனக்கு ஐயாயிரம் செய்தவருக்கு நான் கொஞ்சம் கூட்டிச் செய்தேன். குழம்புக்கும் அந்தத் தொகைக்கும் ஒட்டு உறவே கிடையாது.

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது அக்கா மகன் கேட்டான். "மாமா, எழுதினா காசு தர்ற சைட்லாம் இருக்குல்ல, அங்க நல்ல எழுத்துதானே குவியணும்? ஏன் அவ்வளவு குப்பை?"

"இப்ப எங்கேருந்து மாப்ளே வர்றோம்?" என்றேன். விழித்தான். ரெண்டு டீ சொல்லிவிட்டு ஸ்டீமிட் கதையை ஆரம்பித்தேன்.

2016-இல் அமெரிக்காவில் நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் தொடங்கிய தளம் அது. விளம்பர வருமானத்தை நம்பித் தொடங்கியதல்ல. ஸ்டீம் என்ற கிரிப்டோ நாணயம் நாள்தோறும் புதிதாகப் பிறக்கும். அதில் பெரும்பங்கை எழுதியவர்களுக்கும் ஓட்டுப் போட்டவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை வாசகர் ஓட்டு முடிவு செய்யும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

ஆனால் எல்லார் ஓட்டும் ஒரே எடை அல்ல. ஸ்டீமை உடனே எடுக்க முடியாதபடி பூட்டி வைத்தால் அதற்கு ஸ்டீம் பவர் என்று பெயர். எவ்வளவு பூட்டினாயோ அவ்வளவு கனம் உன் ஓட்டுக்கு. நிறைய வைத்திருப்பவரைத் திமிங்கிலம் என்பார்கள், இல்லாதவர் பொடிமீன். ஓட்டுப் போடும் சக்தியும் கிணற்றுத் தண்ணீர் மாதிரிதான். முழு ஓட்டு ஒன்று போட்டால் 2 சதவீதம் இறங்கும், ஒரு நாளில் 20 சதவீதம் ஊறும். ஆக நாளைக்கு 10 முழு ஓட்டு.

"இப்ப கணக்கைக் கவனி," என்று டீக்கடை மேசையில் விரலால் கோடு போட்டேன். உன் ஓட்டு ஒன்றின் மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொள். அப்போதைய விதிப்படி அதில் 75 எழுதியவனுக்கு. 25 ஓட்டுப் போட்டவர்களுக்கு, நல்ல பதிவைத் தேடிப் பிடித்த கூலி. ஊரெல்லாம் தேடி, படித்து, தகுதியானவனுக்கு ஓட்டுப் போட்டால் உனக்குத் தேறுவது 25. 'காலை வணக்கம்' என்று நீயே எழுதி, உனக்கு நீயே போட்டுக்கொண்டால்? 75-ம் உனக்கு, 25-ம் கிட்டத்தட்ட உனக்கு. படிக்கிறவனுக்கு ஒரு பங்கு, படிக்காதவனுக்கு நாலு பங்கு. இதில் ஆளைத் திட்டி என்ன பயன்?

தனக்குத்தானே போட்டுக்கொள்ள வெட்கப்பட்டவர்கள் மொய் முறைக்குப் போனார்கள். நீ எனக்கு, நான் உனக்கு. அதற்கும் சோம்பல்பட்ட திமிங்கிலங்கள் தங்கள் ஓட்டு சக்தியைத் தானியங்கிக் கணக்குகளுக்கு வாடகைக்கு விட்டன. நாளைக்கு 10 ஓட்டு என்றால் 2 மணி 24 நிமிடத்துக்கு ஒன்று. அந்த நேரத்துக்குள் யார் யார் பணம் கட்டிப் பதிவின் இணைப்பை அனுப்புகிறார்களோ, அவரவர் கட்டிய விகிதத்தில் ஓட்டு விழும். பிரபலமான பதிவுகள் என்று முதல் பக்கத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிக் காசு கட்டி ஏறியவை. புதிதாக உள்ளே வந்தவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"பிடிக்கலைன்னா டவுன்வோட் போட்டு இறக்க வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. ஸ்டீமின் விளக்க அறிக்கையிலேயே வாளி நண்டுக் கதை இருக்கிறது. நம் ஊர் மேடைகளில் தமிழனைத் திட்டச் சொல்வார்களே, ஏறும் நண்டை மற்ற நண்டுகள் இழுத்துவிடும், வாளிக்கு மூடியே வேண்டாம் என்று, அதே கதைதான். அங்கே அதை நல்ல குணமாகச் சொன்னார்கள்: ஒருவன் தனக்கே அள்ளிக்கொள்ளப் பார்த்தால் மற்றவர்கள் இழுத்துவிடுவார்கள். நண்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த வேறு எழுத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் நண்டுகள் இழுக்கவில்லை. டவுன்வோட்டுக்கும் அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது. ஊருக்கு நல்லது செய்தால் உன் வருமானம் குறையும். போதாததற்குப் பழிவாங்கல் வேறு. விருந்தில் எழுந்து நின்று உப்பு அதிகம் என்று சொல்கிறவனுக்கு, அவன் வீட்டு விசேஷத்தில் எத்தனை பேர் மொய் செய்வார்கள்?

2019 ஆகஸ்டில் விதியை மாற்றினார்கள். எழுதியவனுக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி. நாலுக்கு ஒன்றாக இருந்த வித்தியாசம் ரெண்டுக்கு ஒன்றாகச் சுருங்கியது. டவுன்வோட்டுக்கென்று தனியாக ஒரு சின்னக் கிணறு, நாளைக்கு இரண்டரை முழு ஓட்டு அளவு, சொந்தச் சக்தி குறையாமல். இன்னொன்று கொஞ்சம் நுணுக்கம்: ஒரு பதிவுக்குச் சேர்ந்த ஓட்டு சொற்பமாக இருந்தால் அதற்கு முழு மதிப்பு கிடையாது. யார் கண்ணிலும் படாத நூறு பின்னூட்டங்களில் ஓட்டைத் தூவிச் சில்லறை பொறுக்கியவர்கள் ஒரே இடத்துக்கு வர வேண்டியதாயிற்று. ஒரே இடத்துக்கு வந்தால் மற்ற நண்டுகளின் கண்ணில் படும். ஓட்டு விற்ற தானியங்கிகள் பல மூடப்பட்டன. சில, நல்ல பதிவு தேடும் வேலைக்கே மாறின. யாரும் திருந்தவில்லை, எது லாபம் என்பதுதான் மாறியது.

பெரிய தளங்களும் இதே அளவுகோல் சிக்கலில்தான் முட்டிக்கொள்கின்றன. யூடியூப் 2012-இல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தது. பொய்த் தலைப்புக்கு மவுசு குறைந்தது, ஜவ்வாக இழுப்பதற்குக் கூடியது. வாசகர்களின் திருத்தக் குறிப்பு விழுந்த பதிவுக்குக் காசு கிடையாது என்று 2023 அக்டோபரில் எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் அறிவித்தாரே, அந்த யோசனை எனக்குப் பிடித்தது. பதிவை அழிக்க வேண்டாம், வாயை மூட வேண்டாம், கூலியை மட்டும் நிறுத்து.

மீண்டும் ஸ்டீமிட்டுக்கு வருவோம். அந்த நிறுவனத்தை 2020-இல் ஜஸ்டின் சன் என்பவர் வாங்கினார். பிடிக்காதவர்கள் மார்ச் 20 அன்று பிரிந்துபோய் ஹைவ் என்று தனி பிளாக்செயின் தொடங்கினார்கள். அது தனிச் சண்டை. பழைய தளத்தில் தீராமல் விட்ட வேறொரு நோய் அங்கேயும் கூடவே போனது. முந்தி ஓட்டுப் போட்டவனுக்குக் கூடுதல் பங்கு என்பதால், பதிவு வந்த சில நிமிடங்களில் கணக்குப் பார்த்துத் தானியங்கிகள் பாய்ந்தன. நீள் கட்டுரையை ஐந்து நிமிடத்தில் யார் படிப்பது? 2021 ஜூனில் ஹைவ் அந்தப் பந்தயத்தை நிறுத்தியது. முதல் 24 மணி நேரத்தில் எப்போது போட்டாலும் ஒரே விகிதம்.

"அப்ப டீ குடிச்சிட்டு, நிதானமாப் படிச்சிட்டே போடலாம்ல?"

"போடலாம். படிக்காமப் போட்டாலும் அதே பங்குதான்."

சிரித்தான். கையில் போன் டிங் என்றது. எடுத்தான், கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான், பைக்குள் போட்டான்.

"என்னடா அது?"

"ஃப்ரெண்டோட வீடியோ மாமா."

"பாக்கவே இல்லையே?"

"போன வாரம் என்னோடதுக்குப் போட்டான்ல," என்று டீ டம்ளரை வைத்துவிட்டு வண்டிச் சாவியைக் கேட்டான்.