கடல் கடந்த ஐரிஷ் மக்களும் அவர்களுடைய அரசாங்கமும்

இன்றைய அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்குள் 1841-ஆம் ஆண்டில் 65 லட்சம் ஜனங்கள் வாழ்ந்தார்கள். உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சமும், அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓயாமல் நடந்த குடிபெயர்ச்சியும் சேர்ந்து, 1961-இல் அத்தொகையை 28 லட்சமாகக் குறைத்துவிட்டன. 1950-களில் மட்டும் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர், பெரும்பாலும் பிரிட்டனுக்கு, வெளியேறினார்கள். சாலை போட்டும் கட்டடம் எழுப்பியும் தாதி வேலை பார்த்தும் அவர்கள் அனுப்பிய மணியார்டரால் ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது. பணத்தை வாங்கிக்கொண்ட தேசம், அதை அனுப்பியவர்களை நெடுங்காலம் நினைக்கவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது.

1990-இல் ஜனாதிபதியான மேரி ராபின்சன், பிரிந்து சென்றவர்களை மறவோம் என்பதற்கு அடையாளமாக, தமது மாளிகைச் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கை வைத்து, அது அணையாமல் எரியும்படி செய்தார். 1998-இல் மக்கள் வாக்களித்துத் திருத்திய அரசியல் சட்டத்தின் இரண்டாவது ஷரத்து, அயல்நாடுகளில் வாழும் ஐரிஷ் வமிசத்தாரோடு தேசத்துக்குள்ள விசேஷ பந்தத்தைப் போற்றுகிறது.

ஆயினும், விளக்கும் வாசகமும் பசியாற்றா. 2002-இல் ஒரு நிபுணர் குழு அளித்த அறிக்கையின் விளைவாக, வெளிநாட்டு அமைச்சகம் 2004-இல் குடிபெயர்ந்தோர் ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பரிவு காரியரூபம் பெற்றது. இத்திட்டத்தின் மானியம் தனிநபர் கைக்குப் போவதில்லை. அந்தந்த ஊரில் சேவை செய்யும் ஸ்தாபனங்களுக்குப் போகிறது. லண்டன் காம்டனில் 1955 முதல் இயங்கிவரும் ஐரிஷ் நிலையத்தைப் போன்ற இடங்களில், இளமையெல்லாம் மண்வெட்டியோடு கழித்து, மணமும் முடிக்காமல் வாடகை அறையில் மூப்படைந்த தொழிலாளிக்கு மத்தியானச் சாப்பாடும், சொந்த ஊர்ப் பேச்சும், பென்ஷன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரும் உதவியும் கிடைக்கின்றன. அரசாங்கம் செய்பவற்றுள் ஆகச் சிறந்தது இதுவே என்பேன்.

பிரஜா உரிமையைப் பொறுத்தமட்டில், பாட்டனோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், அதை ஒருநாளும் கண்டிராத பேரனும் பதிவு செய்துகொண்டு பிரஜையாகலாம். ஆனால், அங்கேயே பிறந்து, பிழைப்புக்காக வெளியேறி, வெளிநாட்டிலேயே நிலைத்துவிட்டவனுக்குப் பார்லிமெண்டின் கீழ்சபைத் தேர்தலில் வாக்கில்லை. தூதரக அலுவலர் முதலிய சிலருக்கு மட்டுமே விலக்கு. ஜனாதிபதித் தேர்தலிலாவது குடிபெயர்ந்தோருக்கு அவ்வுரிமையை வழங்க வேண்டுமென்று அரசியல் சட்ட மகாநாடு 2013-லேயே சிபாரிசு செய்தும், அதற்கான ஜனவாக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டே வந்திருக்கிறது. அவர்களுடைய உழைப்பின் ஊதியத்தால் வாழ்ந்த தேசம், அந்த வாக்குச் சீட்டை இனியும் மறுப்பது நியாயமன்று.