நூறு சதவீதம் போன பிறகும் ஏன் தோல்வி?

உத்திரமேரூர் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கல்யாண ஆல்பத்தின் பக்கங்களை எல்லாம் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, சென்னையில் இருக்கும் ஆல்பம் லேபின் சர்வருக்கு எஃப்டிபி வழியாக இரவில் அனுப்புகிறார். அளவு மூன்று ஜிபி. பச்சைக் கோடு நூறு சதவீதத்தைத் தொடுகிறது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது, பிறகு ‘தோல்வி’ என்று காட்டிவிட்டு முதலிலிருந்து அனுப்பத் தொடங்குகிறது. விடிய விடிய இதே கதை. “இன்னும் வேகமான பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள், மாறட்டுமா?” என்பது அவர் கேள்வி.

அவசரப்பட்டு மாற வேண்டாம். அவருடைய கோப்பு பெரும்பாலும் முதல் தடவையே முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும். சேர்ந்துவிட்டது என்ற சேதிதான் திரும்பி வரவில்லை.

எஃப்டிபி ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளை வைத்துக்கொள்கிறது. ஒன்று பேச்சுக்கு, இன்னொன்று சரக்குக்கு. அறுவடை முடிந்து நெல் மில்லுக்குப் போகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். யார், எந்த ஊர், என்ன ரகம் என்ற பேச்செல்லாம் அவரிடம். மூட்டை இறங்குவதோ பின்வாசலில். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. லாரி வரும், இறக்கும், போகும். கடைசி மூட்டை இதுதான் என்று எந்த மூட்டையிலும் எழுதியிருக்காது. லாரி வருவது நின்றால் நெல் தீர்ந்தது என்று பொருள்.

எஃப்டிபியின் சரக்கு இணைப்பு அச்சாக இப்படித்தான். கோப்பு முடிந்தது என்பதற்குத் தனி அடையாளம் கிடையாது. இணைப்பை மூடுவதுதான் அடையாளம். ஆனால் சாலவாக்கம் பக்கம் டயர் வெடித்தாலும் லாரி வருவது நிற்கத்தானே செய்யும்? அனுப்பும் மென்பொருள் பாதியில் செயலிழந்தால், கணினியின் இயங்குதளம் அந்த இணைப்பை ஒழுங்காகவே மூடிவிடும். மறுமுனை அதை நம்பி, அரைக் கோப்பை முழுக் கோப்பின் பெயரிலேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் முன்வாசல் சீட்டுக்கு இவ்வளவு மதிப்பு. எல்லாம் இறங்கியதும் கணக்குப்பிள்ளை எழுதித் தரும் அந்தச் சீட்டின் எண் 226. நம் திரையில் ஓடும் சதவீதம், நம் கையை விட்டுப் போனதற்கான கணக்கு. மறுமுனையின் கைக்கு வந்ததைச் சொல்வது 226 மட்டுமே.

வாசகரின் இரவைக் கெடுப்பவர் இடையில் நிற்கும் காவலாளி, அதாவது ரூட்டர். பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், எந்தப் பேச்சு யாருடையது என்று ரூட்டர் ஓர் அட்டவணை எழுதி வைத்திருக்கிறது. நெடுநேரம் சத்தமில்லாத வரியை அது அழித்துவிடும். நிலைத்திருக்கும் இணைப்பை இரண்டு மணி நேரம் நான்கு நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்று 2008இல் வந்த இணைய விதி சொல்கிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே மறந்துவிடும் ரூட்டர்கள் ஏராளம். பின்வாசலில் ஒரு மணி நேரமாக மூட்டை இறங்குகிறது. முன்வாசலில் ஒரு வார்த்தை இல்லை. ஆளில்லை என்று காவலாளி கதவைப் பூட்டிவிட்டார். கணக்குப்பிள்ளை எழுதிய சீட்டு உள்ளேயே கிடக்கிறது.

வேகமான பிளான் இந்த மௌனத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆல்பம் ஐந்து ஜிபி ஆகும் நாளில் அதே கதவு மறுபடியும் பூட்டிக்கொள்ளும். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று கூவும் விளம்பரங்களில் ஒன்றுகூட ரசீதைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

வரலாறு ஒரு பத்தி போதும். எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரல் 16 அன்று எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து 1965இல் வெளியேறி, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். இன்றும் புழங்கும் வடிவம் 1985இல் வந்தது. 2021இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்டிபியைக் கைவிட்டன. அச்சகங்களும் லேப்களும் விடவில்லை.

ஆக, சீட்டு வராத நிலையைச் சமாளிக்கும் பொறுப்பு லைப்ரரியை எழுதுகிறவர் தலையில் விழுகிறது. மற்ற நிரலாளர்கள் ‘இந்தக் கோப்பை அங்கே அனுப்பு’ என்று ஒரே வரியில் எழுத, பின்னால் எல்லா வேலையையும் பார்க்கும் நிரல் தொகுப்புதான் லைப்ரரி. ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் தொடங்கிய லிப்கர்ல், பைத்தானோடு வரும் எஃப்டிபிலிப் இரண்டும் இந்த ரகம். அனுப்பும் வேலை சுலபம்; சீட்டு வராதபோது என்ன செய்வது என்பதில்தான் எழுதியவரின் தரம் தெரியும்.

நல்ல லைப்ரரி, மூட்டை இறங்கும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை முன்வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். காவலாளிக்கு ஆள் இருப்பது தெரிய அந்த வெற்றுத் தட்டல் போதும். அப்படியும் சீட்டு வரவில்லையென்றால் தோல்வி என்று முடிவு கட்டாது. புதிதாக உள்ளே போய், ‘சைஸ்’ என்ற கட்டளையால் அந்தப் பெயரில் எத்தனை பைட் இருக்கிறது என்று கேட்கும். அனுப்பியது 322 கோடி, பதிலும் அதே என்றால் வேலை முடிந்தது. 187 கோடி என்று வந்தால் மிச்சமுள்ள 135 கோடியை மட்டும், விட்ட இடத்திலிருந்து அனுப்பும். எண்ணி முடிக்கும்வரை மூட்டையைக் களத்தில் வைப்பதுபோல, கோப்பைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, அளவு ஒத்துப்போன பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும். வாங்கியதை ஊரறிய உறுதி செய்வது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டில், ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், அவர் வாசித்த பிறகு மண்டபத்தில் இருக்கும் நம்பிமாரும் வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது.

இன்னொரு பொறி உண்டு. எஃப்டிபியில் ‘எழுத்து முறை’ என்று ஒன்று இருக்கிறது. வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட்டைக் கண்டால், விண்டோஸ் அல்லாத கணினியில் அதன் முன்னால் 13 என்ற பைட்டைச் செருகி அனுப்பும். கடிதத்துக்கு அது நல்லது, படத்துக்கு விஷம். படக்கோப்பில் சராசரியாக 256 பைட்டுக்கு ஒரு 10 வரும் என்று வைத்தால், ஒரு எம்பி படத்தில் ஏறத்தாழ 4,096 பைட் வேண்டாத சரக்கு. அளவும் ஒத்துப்போகாது, மணப்பெண்ணின் முகமும் தெரியாது. படம், ஜிப் எல்லாம் ‘பைனரி’ முறையில்தான் போக வேண்டும்.

வாசகருக்கு என் பதில் இதுதான். இன்றிரவு ‘தோல்வி’ என்று வந்ததும் மறுமுயற்சியை நிறுத்திவிட்டு, சர்வர் பக்கத்துப் பட்டியலைப் புதுப்பித்து, கோப்பின் அளவைக் கடைசி இலக்கம்வரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் லேபுக்கு ஒரு போன் செய்துவிட்டுத் தூங்கலாம். மென்பொருளின் அமைப்புகளில், முன்வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் ‘கீப் அலைவ்’ இருந்தால் போட்டு வையுங்கள். எஸ்எஃப்டிபி வசதி இருக்கிறதா என்றும் லேபில் கேளுங்கள். வெறும் எஃப்டிபியில் கடவுச்சொல் திறந்த கடிதமாகப் போகிறது. எஸ்எஃப்டிபியில் பூட்டிய உறையில் போகும். பேச்சும் சரக்கும் அதில் ஒரே வாசல் என்பதால், மூட்டை இறங்கும்வரை காவலாளி அந்தக் கதவைப் பூட்ட மாட்டார்.