ரெண்டும் ஒண்டா? மொடல்களை ஒப்பிடுவதில் இருக்கும் முதல் கேள்வி



இந்த முறை எபிசோட்டில் கிட் பற்றிக் கதைச்சோம். ஒரு ப்ரோக்ராமின் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வரிவரியாக வைத்து, போனது சிவப்பு, வந்தது பச்சை என்று அது காட்டும். இதே வேலையை ஒரு மொடலுக்குச் செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தொடங்கினேன், நேரம் முடிஞ்சுது. மிச்சத்தை இங்கே எழுதுறேன்.

முதலில் ஒன்று. மொடல் என்று நான் சொல்வது ஏஐ மொடலை இல்லை. யூஎம்எல், சிஸ்எம்எல், ஆர்க்கிமேட் போன்றவற்றில் ஒரு சிஸ்டத்தை வரைந்து வைப்போமே, அது. பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் பெட்டியும் அம்புக்குறியும் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் படம் மொடல் இல்லை. உள்ளே ஒரு தரவுத்தளம் மாதிரி எலிமென்ட்கள் இருக்கும், அவற்றுக்கு இடையில் தொடர்புகள் இருக்கும். படம் என்பது அதன் ஒரு ஜன்னல் மட்டும்தான். ஒரே எலிமென்ட் பத்துப் படங்களில் தோன்றலாம், ஒரு படத்திலும் இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்ப்பது உதவாது. சரி, மொடல் கோப்பு பெரும்பாலும் எக்ஸ்எம்எல்தானே, அதையே கிட்டுக்குக் கொடுத்தால்? ஒரு பெட்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினாலே கோப்பில் எண்கள் மாறும். மென்பொருள் சேமிக்கும்போது எலிமென்ட்களின் வரிசையை மாற்றி எழுதினால், ஒன்றுமே மாறாத மொடலில் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாக வரும். அதற்குள் உண்மையான ஒரு மாற்றம் ஒளிந்திருந்தால் நீங்கள் கண்டுபிடிக்கவே மாட்டீங்கள்.

அதனால்தான் மொடல்களை ஒப்பிடும் மென்பொருள்கள் வேறு வழியில் போகின்றன. எக்லிப்ஸ் உலகத்தில் இஎம்எஃப் கம்பேர் என்று திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கு. அதன் வேலையில் ஒரு கட்டத்தின் பெயர் மேட்ச். டிஃப் அதற்குப் பிறகுதான். அதாவது, இந்தப் பக்கத்தில் இருக்கும் இந்த எலிமென்ட், அந்தப் பக்கத்தில் எது? ஜோடி சேர்த்த பிறகுதான் ஜோடிக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்க முடியும். ஜோடி பிழைத்தால், பிறகு வரும் சிவப்பு பச்சை எல்லாமே பிழை.

ஜோடி சேர்க்க இலகுவான வழி ஐடி. எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டில் ஒவ்வொரு எலிமென்டுக்கும் ஒரு ஜியூஐடி உண்டு. கட்டட மொடல்களுக்கான ஐஎஃப்சி தரத்தில் ஒவ்வொரு சுவருக்கும் கதவுக்கும் 22 எழுத்து நீளமான ஓர் அடையாளம் உண்டு. 128 பிட் எண்ணைச் சுருக்கி எழுதியது அது. பெயரை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், ஐடி அப்படியே நிற்கும். ஒரே மொடலிலிருந்து பிரிந்துபோன இரண்டு கொப்பிகளை ஒப்பிட இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஐடி உயிரோடு இருந்தால்தான். நான் வேலை செய்த ஒரு ப்ரொஜெக்டில், ரயில் கதவுக் கட்டுப்பாட்டின் மொடலை வெளியில் ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், எங்களிடம் இருந்த எலிமென்ட் எல்லாம் அழிக்கப்பட்டதாம், அவர்களிடம் இருக்கும் எல்லாம் புதிதாம். மேனேஜர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இவங்கள் முழுசா திருப்பி வரைஞ்சிருக்கிறாங்கள் போல, இதுக்கு யார் காசு குடுக்கிறது?" என்று கேட்டார். உண்மையில் அவர்கள் மாற்றியது கொஞ்சம்தான். மொடலைத் தங்கள் பக்கம் இறக்கும்போது, பழைய ஐடிகளை நீக்கிப் புதிது கொடு என்ற பெட்டியில் டிக் போட்டிருந்தார்கள். அந்த வசதி சும்மா இல்லை. ஒரே பகுதியை ஒரு மொடலுக்குள் இரண்டு தரம் கொண்டுவர வேண்டுமென்றால் அது தேவை. இங்கே தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

காசுக் கதையை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 'கதவு பூட்டாமல் ரயில் நகரக்கூடாது' போன்ற ஒவ்வொரு தேவையும், அதைச் சோதிக்கும் டெஸ்டோடு ஐடி மூலம்தான் இணைக்கப்பட்டிருந்தது. அறிக்கையை நம்பி 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' என்று அமத்தியிருந்தால், பழைய எலிமென்ட்களோடு அந்த இணைப்புகளும் போயிருக்கும். மொடல் பார்க்க அழகாகவே இருந்திருக்கும். எந்தத் தேவை சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்று மட்டும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

ஐடி இல்லாத இடத்தில் என்ன செய்வது? எங்கட ஆட்களுக்கு இது புதுச் சிக்கல் இல்லை. அப்பாவின் பெயர் ஓர் ஆவணத்தில் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், இன்னொன்றில் குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும், மூன்றாவதில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் நெருக்குப்படும். அலுவலகக் கணினிக்கு அது மூன்று ஆள். கவுண்டரில் இருக்கும் மனிதர் என்ன செய்வார்? பிறந்த திகதி, விலாசம், அம்மாவின் பெயர் என்று மற்றதை எல்லாம் பார்த்து, 'சரி, ஒரே ஆள்தான்' என்று முடிவெடுப்பார்.

மென்பொருளும் அதைத்தான் செய்யும். பெயர் எவ்வளவு ஒத்துப்போகிறது, வகை ஒன்றா, எந்தப் பகுதிக்குள் இருக்கு, யார் யாரோடு தொடர்பு என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடும். ஓர் எல்லைக்கு மேல் என்றால் ஜோடி. எல்லையைத் தாழ்த்தினால் சம்பந்தமில்லாதவை ஜோடியாகும், உயர்த்தினால் பெயர் மாறியவை எல்லாம் 'அழிந்தது, வந்தது' என்று இரண்டாக உடையும். ரயில் மொடலில் நாங்கள் வகை, பெயர், அது இருக்கும் பகுதியின் முழுப் பாதை மூன்றையும் சேர்த்து ஒரு சாவியாக்கினோம். பெரும்பாலானவை ஒட்டின. ஒட்டாததைக் கதவுப் பொறியியலாளர் ஒருவரோடு இருந்து கையால் பார்த்தோம். அலுப்பான வேலை, ஆனால் அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு குழுக்கள் தனித்தனியாக வரைந்த மொடல் என்றால் இன்னும் கவனம். ஒருவர் 'வாடிக்கையாளர்' என்பார், மற்றவர் 'பயனர்' என்பார், இரண்டும் ஒன்றாக இருக்கும். இருவரிடமும் 'ஆர்டர்' என்று ஒன்று இருக்கும். ஒன்று வாடிக்கையாளர் எங்களிடம் கேட்டது, மற்றது நாங்கள் சப்ளையரிடம் கேட்டது! இங்கே மென்பொருளின் ஜோடியை ஒரு யோசனையாக மட்டும் எடுங்கோ.

ஜோடி சரியாக வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். அவர்களிடம் 'அவசரத் திறப்பு' என்ற எலிமென்ட் இருக்கு, எங்களிடம் இல்லை. அவர்கள் சேர்த்ததா, நாங்கள் அழித்ததா? இரண்டு மொடலை மட்டும் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் பதில் வராது. இரண்டும் பிரிந்த நாளின் கொப்பி மூன்றாவதாக வேண்டும். அதில் இருந்தால் நாங்கள் அழித்தது, இல்லையென்றால் அவர்கள் சேர்த்தது. மொடலை வெளியில் அனுப்பும் அன்றைக்கே ஒரு கொப்பியை யாரும் தொடாத இடத்தில் வைக்கச் சொல்லி நான் ஒவ்வொரு ப்ரொஜெக்டிலும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அந்த மூன்றாவது கொப்பி இருந்தால், வரி ஒப்பீடு தவறவிடக்கூடிய மோதலையும் பிடிக்கலாம். ஒருவர் ஒரு சென்சரை அழிக்கிறார். மற்றவர் அதே சென்சருக்கு ஒரு புதுத் தொடர்பு வரைகிறார். கோப்பில் இவை வேறு வேறு இடங்கள் என்றால் கிட் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். முடிவில் ஒரு அம்பு, மறுமுனையில் ஒன்றும் இல்லை.

கையால் செய்து பார்க்க விருப்பமென்றால் ஆர்க்கி என்ற இலவச மென்பொருளை இறக்குங்கோ. நாலு எலிமென்ட் வரைந்து சேமித்து, கோப்பைக் கொப்பி எடுங்கோ. கொப்பியில் ஒன்றின் பெயரை மாற்றுங்கோ. இன்னொன்றை அழித்துவிட்டு அதே பெயரில் திருப்பி உருவாக்குங்கோ. பிறகு இரண்டு கோப்பையும் சாதாரண நோட்பேட்டில் திறந்து ஐடிகளைப் பாருங்கோ. பெயர் மாறியது பழைய ஐடியோடு இருக்கும். பெயர் மாறாததுதான் புது ஆளாக நிற்கும்.